உப்பு மட்டும் தெரிகிறது

மார்ச் 4, செவ்வாய்

காய்ச்சல் இறங்கிவிட்டது. மூக்கு இன்னும் திரும்பவில்லை. காலைக் காபியில் சூடு இருந்தது, கசப்பு இருந்தது, இனிப்பும் இருந்தது. பேச்சுவார்த்தை இல்லாத பங்காளிகளைப் போல மூன்றும் தனித்தனியே நின்றன. டம்ளரை மூக்கருகே பிடித்து இழுத்துப் பார்த்தேன். ஆவி பட்டது. மணம் வரவில்லை.

"என்னங்க, காபிய மோந்து மோந்து பாக்கறீங்க? ஈ கீ விழுந்துடுச்சா?" என்றாள் மனைவி.

இல்லை என்றேன். அது பொய்யன்று. கேட்ட கேள்விக்கு உரிய பதில்.

மார்ச் 6, வியாழன்

சோப்பு இல்லை. செருப்பு இல்லை. புதுச் செய்தித்தாள் இல்லை. வீட்டில் ஒவ்வொரு பொருளாக எடுத்து முகர்ந்துகொண்டே திரிகிறேன். உட்கார முடியவில்லை.

மார்ச் 9, ஞாயிறு

எங்கள் வீட்டு அடுப்படியில் ஒரு விதி உண்டு: சமைப்பவர் ருசி பார்க்கக் கூடாது. அம்மா வைத்த விதி. சாமிக்குக் காட்டும் முன் எச்சில் படலாகாது. ஆயினும் உப்பு எப்படித் தெரியும்? அதற்கும் அம்மாவே ஒரு விலக்கு வைத்திருந்தாள்: குழந்தை வாய்க்குத் தோஷமில்லை. சிறுவனாக இருந்தபோது ஒருநாள் என் உள்ளங்கையில் ஒரு சொட்டுக் குழம்பு விழுந்தது. அந்தப் பதவியிலிருந்து இன்றுவரை யாரும் எனக்கு ஓய்வு கொடுக்கவில்லை. எனக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள் மாமியாரிடம் விதியையும் கற்றாள், விலக்கையும் கற்றாள். நரை விழுந்த குழந்தை நான், இன்றும் கையை நீட்டுகிறேன்.

இன்று சாம்பார். கரண்டியிலிருந்து கையில் ஊற்றிவிட்டு, எப்போதும்போல என் முகத்தையே பார்த்தாள்.

உப்பு தெரிந்தது. புளிப்பும் காரமும் தெரிந்தன. மற்றதெல்லாம் வெந்நீர்.

"சரி," என்றேன்.

பாத்திரத்தை இறக்கிவிட்டாள். அவ்வளவு நம்பிக்கை.

மார்ச் 12, புதன்

மருத்துவரைப் பார்த்தேன். அலுவலகத்திலிருந்து நேரே போனேன், வீட்டில் சொல்லவில்லை. நாக்குக்கு உப்பு, புளிப்பு, இனிப்பு, கசப்பு ஆகியவை மட்டுமே தெரியுமாம். நாம் ருசி என்று சொல்லிக்கொள்வதில் பெரும்பங்கு மூக்கினுடையதாம்.

"காய்ச்சல்ல நரம்பு அடிவாங்கியிருக்கு சார். வரலாம். வராமலும் போகலாம்."

"எத்தனை விழுக்காடு வாய்ப்பு?"

"அப்படியெல்லாம் கணக்கு சொல்ல முடியாது சார்."

கணக்குச் சொல்ல முடியாத ஒன்றை எதிர்பார்த்துக்கொண்டு எப்படி இருப்பது?

காபித்தூள், கிராம்பு, எலுமிச்சை, பெருங்காயம். காலையும் மாலையும் இந்த நான்கையும் முகர வேண்டும். முகரும்போதே அந்த மணம் பழகிய இடத்தை மனத்துக்குக் கொண்டுவர வேண்டும். இதுவே மருந்து. நினைவு கையைப் பிடித்து இழுத்தால் மணம் பின்னால் வரக்கூடும் என்கிறார்.

மார்ச் 14, வெள்ளி

என் உத்தியோகம் தராசுகளைச் சோதித்து முத்திரையிடுவது. கடைத்தராசு முதல் நகைத்தராசு வரை எங்கள் சோதனைக் கூடத்துக்கு வரும். சரியாக நிற்பதற்கு முத்திரை. நிற்காததற்குச் சிவப்புச் சீட்டு. பழுதென்று தெரிந்தும் ஒரு தராசைப் புழக்கத்தில் விட்டுவைப்பது குற்றம். விதி எண்ணைத் தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன்.

மருத்துவர் சொன்ன நான்கும் குப்பிகளில் இப்போது என் அலுவலக மேசை இழுப்பறையில் இருக்கின்றன. எடைக்கற்களின் பெட்டிக்குப் பக்கத்தில்.

தட்டச்சு செய்யும் அம்மாள் பார்த்துவிட்டார். "என்ன சார், ரிட்டையர் ஆனதும் மளிகைக்கடையா?"

மார்ச் 16, ஞாயிறு

பெருங்காயம். அடுப்படியில் ஆளில்லாத நேரம் டப்பாவின் மூடியைத் திறந்து கண்ணை மூடினேன்.

சின்ன வயதில் நாங்கள் இருந்த குடியிருப்பின் இரண்டாம் மாடி. வற்றல் குழம்பை வேறு பாத்திரத்துக்கு மாற்றியபின், குழம்பு வைத்த இரும்புச் சட்டியிலேயே சோற்றைப் போட்டு அம்மா பிரட்டுவாள். சட்டியின் பக்கங்களில் ஒட்டிய மசாலாவெல்லாம் சோற்றில் ஏறும். நானும் அக்காவும் கையை நீட்டிக்கொண்டு நிற்போம். எனக்கு ஓர் உருண்டை, அவளுக்கு ஓர் உருண்டை. அவளுடையது பெரிது என்று நான் அளந்து காட்டுவேன். "இவன் தராசுக் கடைதான் வைக்கப்போறான்," என்பாள் அக்கா. கருநாக்கு.

படம் தெளிவாக வந்தது. சட்டியின் விளிம்பில் இருந்த நெளிவுகூட. ஆனால் ஊமைப்படம். மணம் வரவில்லை.

இன்னொரு பயம் தொற்றிக்கொண்டது. மணம் போனபின் இந்த நினைவுகளும் ஒவ்வொன்றாக வெளிறிவிடுமோ?

மார்ச் 20, வியாழன்

எலுமிச்சை. கல்லூரி முடித்த ஆண்டு, வேலைத் தேர்வுக்காக ரயிலில் மூவர் போனோம். நான், விடுதி உணவுக் குழுவில் இருந்து அதிகாரம் செய்ததால் 'கமிட்டி' என்று பெயர் வாங்கியவன், வாய் ஓயாத 'ரேடியோ'. மூவருக்கும் ஒரே பொட்டலம் எலுமிச்சைச் சோறு. ரேடியோ கதை சொல்லி முடிப்பதற்குள் இலை காலி. "பேசறவனுக்குப் பருக்கை கிடையாதுடா," என்றான் கமிட்டி. அந்தத் தேர்வில் ரேடியோ மட்டும் தேறினான்.

எலுமிச்சையும் ஊமை. மூக்கில் ஒரு குளிர்ச்சி பட்டதாக நினைத்தேன். மின்விசிறி.

மார்ச் 23, ஞாயிறு

வெளியூரில் வேலை பார்க்கும் மகள் அழைத்தாள். தனக்குப் பிடித்த பையனைப் பற்றி முன்பே சொல்லியிருந்தாள். அவனுடைய பெற்றோர் ஏப்ரல் 27 அன்று நம் வீட்டுக்கு மதிய உணவுக்கு வருகிறார்களாம்.

"அப்பா, அவங்கம்மா சூப்பரா சமைப்பாங்க. நானும் விடல. எங்கப்பா சரின்னு சொல்லாம எங்க வீட்ல பாத்திரம் அடுப்ப விட்டு எறங்காதுன்னு சொல்லிருக்கேன்."

மனைவி கைபேசியைப் பிடுங்கிக்கொண்டாள். "ஏன்டி இப்படியெல்லாம் அளக்கற? எனக்கு இப்பவே கையும் ஓடல காலும் ஓடல."

எனக்கு மூக்கே ஓடவில்லை.

சொல்லிவிடலாமென்று வாயெடுத்தேன். அதற்குள் அவள் காய்கறிகளின் பெயரைச் சொல்லி விரல் மடக்கத் தொடங்கிவிட்டாள். அவள் ருசி பார்க்க மாட்டாள். நானும் இல்லையென்றால் அன்று அவளுக்கு யார்? ஐந்து வாரத்தில் திரும்பாமலா போய்விடும்?

மார்ச் 29, சனி

கிராம்பு. மகளுக்கு நான்கு வயதிருக்கும். காய்கறிச் சோற்றில் கிராம்பைக் கடித்துவிட்டு அழுதாள். அடுத்த முறை முதல் ஒவ்வொரு கிராம்பாகப் பொறுக்கித் தட்டின் ஓரத்தில் வரிசையாக அடுக்கினாள். என் தட்டிலிருந்தும் பொறுக்கித் தருவாள். "உனக்கும் கடிச்சுடும்பா."

ஒன்றைக் கடித்தே பார்த்தேன். நாக்கு மரத்தது. அவ்வளவே.

ஏப்ரல் 6, ஞாயிறு

மாதத்தின் முதல் ஞாயிறு. கமிட்டி, ரேடியோ, நாங்கள் என மூன்று குடும்பங்களும் ஒரு வீட்டில் கூடி, ஆளுக்கொரு பாத்திரம் கொண்டுவந்து உண்பது வழக்கம். இம்முறை கமிட்டியின் வீடு. மனைவிக்குப் புடவைக் கடையில் வேலை இருந்தது. விடியலிலேயே தேங்காய் அரைத்துக் கூட்டு செய்து வைத்துவிட்டு, "நல்லா ஆறினப்பறம் மூடுங்க. கெளம்பறதுக்கு முன்னாடி ஒருதரம் பாத்துக்கோங்க," என்று சொல்லிப் போனாள்.

ஈ மொய்த்தது. திறந்த உணவில் ஈ உட்காரலாகாது. சூட்டோடு இறுக மூடினேன். கிளம்பும் முன் உள்ளங்கையில் ஊற்றிப் பார்த்தேன். உப்பு சரி. இலேசான புளிப்பு. எலுமிச்சை பிழிந்திருப்பாள் என்று எடுத்துக்கொண்டேன். என்ன புத்தி!

கமிட்டி ஒரு வாய் வைத்துவிட்டுத் தண்ணீரை எடுத்தான். ரேடியோ பேச்சை நிறுத்தினான். அதை நான் என் வாழ்நாளில் பார்த்ததில்லை. கமிட்டியின் மனைவி பாத்திரத்தை உள்ளே எடுத்துப் போனார். அப்போதுகூட எனக்குப் புரியவில்லை. நான் என் பங்கை முழுவதும் சாப்பிட்டிருந்தேன்.

மாலையில் கமிட்டியின் மனைவி என் மனைவியை அழைத்தார். மறுமுனையின் குரல் எனக்கும் கேட்டது.

"அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க. ஒடம்பு கிடம்பு சரியில்லையா? கூட்டு ஊசிப்போயிருந்துச்சு. நீங்க இப்படிச் செய்ய மாட்டீங்களேன்னுதான்…"

மனைவி என்னைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே பதில் சொன்னாள். "தேங்கா பழசு போல. நான்தான் கவனிக்கல. மன்னிச்சுக்கோங்க."

நான் செய்தித்தாளை மடித்தேன். விரித்தேன். மறுபடியும் மடித்தேன். வாயில கொழுக்கட்டையா வெச்சிருந்தேன்? ஒரு வார்த்தை — ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே.

ஏப்ரல் 10, வியாழன்

வயிறு இரண்டு நாள் பாடாய்ப் படுத்தியது. நியாயமான தண்டனை.

ஏப்ரல் 13, ஞாயிறு

ரசம். கையில் ஊற்றிவிட்டு, "வாசனை எப்படி வந்திருக்கு?" என்று கேட்டாள். வழக்கமாக உப்பை மட்டுமே கேட்பாள்.

"மணம் தூக்குது," என்றேன்.

"அப்படியா," என்று சொல்லிவிட்டு அடுப்பை அணைத்தாள். சமாளித்துவிட்டேன்.

ஏப்ரல் 19, சனி

சமாளித்தேனா? அவள் இரண்டு நாளாக அதிகம் பேசவில்லை. நான் ஓர் அறையிலிருந்து இன்னொரு அறைக்குப் போகிறேன். போன காரணம் மறந்து திரும்புகிறேன். குப்பிகளைப் பழைய சரக்கென்று எறிந்து, புதுக் காபித்தூளும் புதுப் பெருங்காயமும் வாங்கினேன். பயனில்லை.

ஏப்ரல் 25, வெள்ளி

இன்று கூடத்தில் ஒரு தராசுக்குச் சிவப்புச் சீட்டு ஒட்டினேன். ஒட்டிவிட்டு வெகுநேரம் கையைக் கழுவினேன்.

ஏப்ரல் 27, ஞாயிறு

விருந்து முடிந்து எல்லோரும் கிளம்பிவிட்டார்கள். ஒழுங்காக எழுதிவிடுகிறேன்.

காலையில், ஊரிலிருந்து வந்திருந்த மகள் குளித்துக்கொண்டிருந்தாள். அடுப்பில் குழம்பு கொதித்தது. மனைவி கரண்டியோடு திரும்பினாள். நான் கையை நீட்டினேன். நீட்டிய கையை இழுத்துக்கொண்டேன்.

"எனக்கு வாசனையே தெரியல. காய்ச்சல் வந்ததுலேர்ந்து. கூட்ட சூட்டோட மூடினது நான்தான். ஊசிப்போனதும் எனக்குத் தெரியல."

அவள் தீயைக் குறைத்தாள். "தெரியும்."

"எப்படி?"

"கூட்டு விஷயத்துல சந்தேகம். அப்பறம் பெருங்காயமே போடாம ஒரு ரசம் வெச்சேன். மணம் தூக்குதுன்னீங்க."

எனக்குக் காது சுட்டது. "ஏன் கேக்கல?"

"நீங்களா சொல்லுவீங்கன்னு பாத்தேன். ஊர்ல ஒருத்தி ஊசின கூட்டக் குடுத்தனுப்பினான்னு எனக்குப் பேர். நீங்க பேப்பர மடிச்சுட்டு ஒக்காந்திருக்கீங்க. அன்னிக்கு எனக்கு வந்த கோவத்துக்கு…" என்று நிறுத்தினாள். குழம்பு தளதளத்தது. "சரி, இப்ப யார் பாக்கறது? அவங்க வர்ற நேரமாச்சு."

"நீயே பாரு."

"நானா?"

"அம்மா வெச்ச விதிதான. நான் மாத்தறேன்."

"நீங்க என்ன மாத்தறது," என்றாள். சாமி படத்துக்கு ஒரு கிண்ணத்தில் தனியாக எடுத்து வைத்தாள். பிறகு கரண்டியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "அந்தப் பக்கம் திரும்புங்க. பாத்துட்டே நின்னா எனக்கு வராது."

நான் குளிர்பதனப் பெட்டியைப் பார்த்துத் திரும்பி நின்றேன். சின்னதாக ஓர் உறிஞ்சும் ஓசை. மீண்டும் அதே ஓசை.

"உப்பு எப்படி?"

"இருங்க."

திரும்பிப் பார்த்தேன். கண்ணை மூடி நின்றிருந்தாள். "நல்லா இருக்குங்க," என்றாள், வேறு யாரோ சமைத்ததைச் சொல்வது போல. "எல்லாருக்கும் போட்டுட்டு ஆறினதத்தான் இத்தன வருஷம் நான் சாப்ட்டேன். சூடா இப்படியா இருக்கும் இது?"

நான் பாத்திரத்தை இறக்கிவைத்தேன்.

வந்தவர்கள் நல்ல மனிதர்கள். பையனின் அப்பா குறைவாகப் பேசினார், நிறைவாகச் சாப்பிட்டார். மகள் பெருமையாக, "அப்பா சரின்னாச்சா?" என்று கேட்டாள். இன்று பார்த்தது உன் அம்மா என்றேன். மகள் நம்பாமல் அவளைப் பார்த்தாள்.

பையனின் அம்மா சிரித்தார். "இதுல என்னங்க இருக்கு? நான் பத்துதரம் பாப்பேன். பாத்துப் பாத்தே எனக்கு வயிறு ரொம்பிடும். அப்பறம் இவர் கேப்பாரு, ஏன் நீ சாப்படலன்னு."

நிச்சயத்துக்கு நாள் பார்க்கச் சொல்லிவிட்டுப் போனார்கள்.

ஏப்ரல் 28, திங்கள்

கமிட்டியை அழைத்துக் கூட்டின் உண்மையைச் சொன்னேன். அவன் மனைவியிடமும் ரேடியோவிடமும் சொல்லச் சொன்னேன்.

"ரேடியோகிட்ட சொல்லிட்டா போதும்டா, ஊருக்கே சொன்ன மாதிரி. ஆனா நீ முழுசா வழிச்சுச் சாப்ட்ட பாரு, அப்பவே நெனச்சேன், ஒண்ணு இவனுக்கு மூக்கு இல்ல, இல்ல பொண்டாட்டி மேல ரொம்பப் பயம்னு."

இரண்டும் என்றேன்.

ஜூன் 8, ஞாயிறு

மணம் திரும்பவில்லை. குப்பிகளை விடாமல் முகர்கிறேன்.

மதியம் குழம்பு நாக்கை உரித்தது. காரத்துக்கு மூக்கு தேவையில்லை, முழுவதும் எட்டுகிறது. மிளகாய் அளவு தவறிவிட்டதோ என்று கேட்டேன்.

"தவறல," என்றாள். தன் சோற்றில் இன்னும் ஒரு கரண்டி ஊற்றிக்கொண்டாள். "எனக்கு இப்படித்தான் பிடிக்கும்."

"எப்பலேர்ந்து?"

"எப்பவுமே. நீங்க சரின்னு சொல்றதுதான சரியா இருந்துச்சு."

இரண்டு டம்ளர் தண்ணீர் குடித்தேன். கண்ணில் நீர் வந்தது. மறுபடியும் சோறு போட்டுக்கொண்டு, குழம்புப் பாத்திரத்தை அவள் பக்கமிருந்து என் பக்கம் நகர்த்தினேன்.