புரட்டாசிச் சனிக்கிழமை ரத்தம்

திருப்பதி, அக்டோபர் 1998

என்னவருக்கு,

எனக்கு எடுத்த அமெரிக்க டிக்கெட்டை ரத்து செய்துவிடுங்கள்.

போன வருஷம் விஜயபுரத்தில் நாற்பது பெண்களுக்கு வெறும் வயிற்றில் ரத்தம் எடுத்தேன். எல்லோருக்கும் சர்க்கரை அதிகம். அந்த ஆய்வுக் கட்டுரையை நம்பித்தான் அமெரிக்காவில் எனக்கு வேலை கொடுத்தார்கள். போன வாரம் அந்த நாற்பது பேரில் ஒருத்தி, கன்னியம்மா, சொல்கிறாள்: "அன்னிக்கு எங்க எல்லாருக்கும் பெருமாளுக்கு ஒருபொழுதும்மா. ஒண்ணும் துன்னல. பாலும் வாழப்பழமும்தான்." சர்க்கரை ஏறாமல் என்ன செய்யும்? நாள் குறித்தது நான். புரட்டாசிச் சனிக்கிழமை என்று எனக்கு உறைக்கவில்லை.

"யாருக்குத் தெரியப்போவுது, அப்படியே விடு" என்றீர்கள் போனில். எனக்குத் தெரியுமே! கட்டுரையைத் திரும்பப் பெற்றுவிட்டேன். அந்த வேலையும் போகட்டும்.

திங்கட்கிழமை மறுபடி ஊசியோடு போகிறேன். நாற்பது பேரும் கை நீட்டுகிறோம் என்கிறார்கள். என்னைச் சமாதானப்படுத்த வராதீர்கள். டியூப்களில் பெயர் ஒட்ட ஆள் வேண்டும், அதற்கென்றால் வாருங்கள்.

இங்கேயே இருக்கும்,
உங்கள் மனைவி