வேலையோடு வந்த வீடு

டிஸ்,
1954 நவம்பர் 14

அன்புத் தம்பி வில்ஃபுக்கு,

நீயும் டோரீனும் பிள்ளைகளும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். வீட்டில் இன்னோர் அறை கட்டுகிறாய் என்று எழுதியிருந்தாய், சந்தோஷம். இங்கே கடை ஓடுகிறது. ரேஷன் காலத்தில் ஒரு முட்டைக்கு வரிசையில் நின்றவர்கள் இப்போது பழுப்பு முட்டைதான் வேண்டும், பெரியதாகத்தான் வேண்டும் என்கிறார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும், வாங்காமல் போவதில்லை.

களைப்பாக இருக்கிறேன். அதனால் சுற்றி வளைக்காமல் எழுதுகிறேன்.

போன மாதம் கொட்டகையில் ஒரு பசு அப்பாவைச் சுவரோடு வைத்து நெருக்கிவிட்டது. விலா எலும்பில் விரிசல். டாக்டர் படுத்திருக்கச் சொன்னார். "பால் கறக்க விலா எதுக்கு டாக்டர், விரல் இருந்தா போதாதா?" என்று கேட்டுவிட்டு, மறுநாள் விடியும் முன்னே அப்பா கொட்டகையில் இருந்தார். கறக்க விரல் போதும். நிரம்பிய பால் கேனைச் சாலையோர மேடையில் ஏற்ற விரல் போதுமா? அன்றிலிருந்து தினமும் காலையில் வேனை எடுத்துக்கொண்டு நான் போகிறேன். பால் லாரி வருவதற்குள் கேன்களை ஏற்றி, சாணியை வழித்துத் தள்ளி, கையைக் கழுவிக்கொண்டு ஓடிவந்து கடையைத் திறக்கிறேன். என் பக்கத்தில் நிற்கும் வாடிக்கைக்காரப் பெண்கள் மூக்கைச் சுளிக்கிறார்கள்.

கேனைச் சாய்த்து விளிம்பில் உருட்டும் விதம் என் கைக்கு மறக்கவில்லை. மறந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். இந்த வேலை வேண்டாம் என்றுதானே சைக்கிள் கூடையில் முட்டை அடுக்கிக்கொண்டு கிளம்பினேன்.

அப்பா நன்றி சொல்கிற ஆள் இல்லை. என்னைப் பார்த்ததும் பசுக்களிடம், "வந்துட்டாடி முட்டைக்காரி, ஒழுங்கா நில்லுங்க" என்கிறார். ஒருநாள் கிழட்டுப் பசு என்னை உதைத்துவிட்டது. "அவளுக்கு உன் விலை கட்டுப்படியாகலை போலிருக்கு, புள்ள" என்று சிரித்தார். சிரிப்பு இருமலாகி, விலாவைப் பிடித்துக்கொண்டு கழுநீர்த் தொட்டிமேல் சாய்ந்தார். நான் பார்க்காததுபோல் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன்.

உன் போன கடிதத்தில் அறுவடையைப் பற்றி எழுதியிருந்தாய். கதிர்க்கட்டு வண்டிமேல் படுத்துக்கொண்டு வீடு திரும்பியது, வயலின் நடுவிலிருந்து முயல்கள் ஓடியது, அம்மா கொண்டுவந்த ஆறிப்போன தேநீர். எல்லாம் நடந்ததுதான். ஆனால் அது ஆகஸ்ட் மாதம். எனக்கு நினைவிருப்பது நவம்பர். அம்மா இடுப்பில் சாக்கைக் கட்டிக்கொண்டு உறைந்த மண்ணிலிருந்து பீட் கிழங்கைப் பிடுங்குவாள். இரண்டை ஒன்றோடொன்று மோதி மண்ணை உதிர்த்து, இலையை வெட்டி எறிவாள். நீ விரல் வெடித்து அழுவாய். உன் வரிசையில் பாதியை நான் பிடுங்குவேன். வீட்டுக்கு வந்ததும் பசு மடிக்குத் தடவுகிற களிம்பையே நம் விரல்களுக்கும் தடவிவிடுவாள். அவளுக்குத் தடவிவிட யாரும் இல்லை. அந்த நவம்பரை நீ கனடாவுக்கு எடுத்துப் போகவில்லை. அதில் குற்றம் ஒன்றும் இல்லை. நானாக இருந்தாலும் விட்டுவிட்டுத்தான் போயிருப்பேன்.

விஷயம் இதுதான். வேலையோடு வந்த வீடு வேலையோடு போய்விடும் என்பது நீ அறியாததல்ல. போரெட் பண்ணையின் மாட்டுக்காரன் வேலையை அப்பா விட்டால், வீடு அடுத்த மாட்டுக்காரனுக்கு. மகனே அந்த வேலைக்கு வந்தால் அப்பா அங்கேயே இருக்கலாம். போன கிறிஸ்துமஸுக்கு நீ அப்பாவுக்கு ஒரு வரி எழுதினாய்: ஏதாவது ஒரு வசந்தத்தில் திரும்பி வந்து போரெட்டிடம் வேலை கேட்பேன், எனக்காக இடத்தைப் பிடித்துவையுங்கள் என்று. பண்டிகை நாளில் பிரியத்தில் எழுதியது. அப்பாவுக்கு அது வாக்கு. அவர் இடத்தைப் பிடித்துவைத்துக்கொண்டிருக்கிறார், வில்ஃப். விரிசல் விட்ட விலாவோடு.

பண்ணைக்காரர் போரெட் போன வாரம் என்னை வேனருகே நிறுத்தினார். "ஏம்மா எனிட், நான் என்ன குருடனா? கேனைத் தூக்குறது யாருன்னு தெரியாதா? வில்ஃப் வர்றான், வில்ஃப் வர்றான்னு உங்கப்பா சொல்றார். அந்தப் பேச்சுக்காகத்தான் ஒரு வருஷமா பொறுத்துக்கிட்டிருக்கேன். மார்ச் வரைக்கும் பார்ப்பேன், அதுக்கு மேல முடியாதும்மா" என்றார். அவர்மேல் தப்பு சொல்ல மாட்டேன். அந்த வேலைக்கு ஓர் இளம் ஜோடி காத்திருக்கிறது. கைக்குழந்தையோடு மாமியார் வீட்டின் பின்னறையில் கிடக்கிறார்கள். அந்தப் பெண் ஒருநாள் வீட்டைப் பார்க்க வந்தாளாம். அப்பா வாசலிலேயே நின்று, "வீடு காலி இல்லைம்மா, என் மகன் வர்றான்" என்று திருப்பி அனுப்பிவிட்டார்.

நீ வரப்போவதில்லை என்று அப்பாவிடம் நானே சொல்லிப் பார்த்தேன். "நீ வியாபாரி, யார் சொன்னாலும் உரசிப் பார்ப்பே. அவன் கைப்பட எழுதியிருக்கான்" என்றார்.

புதிதாக அறை கட்டுகிறவன் ஊர் திரும்பமாட்டான் என்பது எனக்குப் புரிகிறது. நான் உன்னை வரச்சொல்லவில்லை. வரமாட்டேன் என்று எழுது. எனக்கு வேண்டாம், அவருக்கு எழுது. ஒரு நாள், பார்க்கலாம், கடவுள் விருப்பம் என்றெல்லாம் எழுதிவிடாதே. அந்தச் சொற்களைப் பிடித்துக்கொண்டு இன்னொரு குளிர்காலத்தைத் தள்ளிவிடுவார். அது அவரைத் தள்ளிவிடும். பிள்ளைகளின் பள்ளிக்கூடத்தைப் பற்றி எழுது, பனியைப் பற்றி எழுது, ஆனால் முதலில் இதை எழுது. ஒரு வாரம் பசுக்களைத் திட்டித் தீர்ப்பார். பிறகு தாமே போரெட்டிடம் போய்ச் சொல்லிவிடுவார். யாரும் சொல்லவைத்ததாக இருக்கக்கூடாது அவருக்கு.

கிறிஸ்துமஸுக்கு முன்னால் கிடைக்கும்படி அனுப்பு.

இன்னும் ஒன்று. 'எனிட் வீட்டில் போய் இருங்கள்' என்று மட்டும் எழுதிவிடாதே. கடைக்குப் பின்னால், படி ஏறத் தேவையில்லாத அறையில் கட்டில் போட்டு, கணப்பையும் துடைத்து வைத்திருக்கிறேன். அது அவருக்குத் தெரியாது. நீ சொன்னாய் என்பதற்காக அவர் என்னிடம் வரவேண்டாம். ஒரு தடவையாவது அவராகக் கேட்கட்டும்.

எல்லோரையும் ஆண்டவர் காக்கட்டும்.

உன் அக்கா,
எனிட்