நடுவில் யாராவது கூப்பிட்டால்

மார்ச் 3, செவ்வாய்

அக்கா போன் செய்தாள். அத்தானின் ஆக்சிஜன் மிஷின் இப்போதெல்லாம் காரணமில்லாமல் கத்துவதே இல்லையாம். போன வாரம் அவர்கள் வீட்டுக்குப் போயிருந்தபோது நான்தான் புதிய மென்பொருளை ஏற்றிவிட்டு வந்தேன். வெளியே விட இன்னும் அனுமதி வராத பதிப்பு. எங்கள் கம்பெனி மிஷின், அதை எழுப்பிவிடும் பூட்லோடர் நிரலும் நான் எழுதியது, என் அக்கா வீடு – யாரைக் கேட்க வேண்டும்? "உன் கை ராசியான கைடி" என்றாள். சாயங்காலம் வரை தலைகால் புரியவில்லை எனக்கு.

மார்ச் 5, வியாழன்

சோதனை அறையில் ஒரு மிஷின் எழுந்திருக்கவில்லை. சுவிட்சைப் போட்டால் கறுப்புத் திரை, அவ்வளவுதான். பக்கத்து இருக்கைத் தாடி, கேபிள் லூசாக இருக்கும் என்றான். அவனுக்கு உலகத்தில் எல்லாமே லூஸ் கேபிள்தான்.

கேபிள் சரியாகத்தான் இருக்கிறது.

மார்ச் 6, வெள்ளி

கண்டுபிடித்துவிட்டேன். கண்டுபிடிக்காமலே இருந்திருக்கலாம்.

எழுதினால் கொஞ்சம் நிதானம் வரும். மிஷின் விழிக்கும் முதல் சில நொடிகளில் நினைவகம் தயாராக இருக்காது. நிரல் முழுவதற்கும் பொதுவான குளோபல் மாறிகளில் எதையும் எழுத முடியாது. அந்த நேரத்துக்கு வேண்டிய பொதுத் தகவலை எல்லாம் ஒரு சின்ன இடத்தில் கட்டிவைத்து, அதன் முகவரியை, சிப்புக்குள் இருக்கும் சின்னப் பெட்டிகளில் ஒன்றான ஒன்பதாம் ரெஜிஸ்டரில் வைத்திருப்போம். ஒன்பதை யாரும் தொடக்கூடாது. நிரலைச் சிப்பின் மொழிக்கு மாற்றும் கம்பைலருக்குச் சொல்லி வைத்திருக்கிறோம், அது தொடாது. சிப்பின் மொழியிலேயே கையால் எழுதும் அசெம்பிளிக்கு அப்படிக் காவல் கிடையாது. எழுதுகிறவர்தான் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

புதிய பதிப்பில் நான் கொண்டுவந்து ஒட்டிய அசெம்பிளித் துண்டு, வேறொரு போர்டுக்கு எழுதியது. அங்கே ஒன்பது காலி நாற்காலி, யார் வேண்டுமானாலும் உட்காரலாம். இங்கே அது வீட்டுக்காரரின் நாற்காலி. என் துண்டு ஒன்பதைக் கடன் வாங்கி, வேலை முடிந்ததும் பழைய மதிப்பை அப்படியே திருப்பி வைத்துவிடுகிறது. அதனால்தான் நான் எழுதியதைச் சரிபார்த்த தாடிக்கும் உறுத்தவில்லை. ஆனால் நடுவில் பேட்டரி குறைவாக இருந்தால், திரையில் எச்சரிக்கை எழுதும் பகுதியைக் கூப்பிடுகிறது. அது வந்து ஒன்பதைப் பார்க்கிறது. முகவரி இருக்க வேண்டிய இடத்தில் என் குப்பை. அங்கேயே நின்றுவிடுகிறது.

பேட்டரி நன்றாக இருந்தால் ஒன்றுமே தெரியாது. அக்கா வீட்டில் ஏற்றிய அன்று நன்றாகத்தான் இருந்தது.

இப்போது?

மார்ச் 7, சனி

சும்மா விசாரிப்பதுபோல் கேட்டேன். மிஷினில் பேட்டரி எப்படி இருக்குக்கா?

"அன்னைக்கு ஒரு நாள் கரண்ட் போச்சுல்ல, அதுலேர்ந்து சிவப்பாவே நிக்குதுடி. ஏறவே மாட்டேங்குது. அதனாலென்ன, கரண்ட்ல நல்லா ஓடுதே."

ஓடுகிறது. நின்றால் எழுந்திருக்காது. அதை எப்படிச் சொல்வது? அதற்குள் அவளே அடுத்ததைச் சொன்னாள். திங்கட்கிழமை தெருவில் கம்பி வேலை, மின்சாரம் இருக்காதாம். அத்தானைச் சிலிண்டருக்கு மாற்றிவிட்டு, மின்சாரம் வந்ததும் மிஷினைப் போட்டுக்கொள்வாளாம். சிலிண்டர் அரை நாள் தாங்கும். எல்லாம் யோசித்து வைத்திருக்கிறாள் பாவம்.

அப்போது "ஐயோ" என்று ஒரு சத்தம். போன் கட்டாகிவிட்டது.

திரும்பக் கூப்பிட்டேன். எடுக்கவில்லை. திரும்பவும். ஒருவேளை இன்றைக்கே மின்சாரம் – கடவுளே. செருப்பைப் போட்டுக்கொண்டு படியில் இறங்கும்போது அவளே கூப்பிட்டாள். "பால் பொங்கிடுச்சுடி, அடுப்பெல்லாம் ஒரே அபிஷேகம்" என்று சிரித்தாள். நான் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். நாளைக்கு வருகிறேன் என்று மட்டும் சொன்னேன்.

சர்வீஸ் பிரிவில் மாற்று மிஷின் கேட்டால் முதலில் பதிப்பு என்ன என்பார்கள். வேலை போகும். ஏதாவது சாக்குச் சொல்லி மிஷினைத் திறந்து, கமுக்கமாகச் சரிசெய்துவிட்டு வந்துவிடலாமா? யாருக்கும் தெரியாமல் எடுத்து, யாருக்கும் தெரியாமல் திருப்பி வைப்பது.

போன வாரமும் அதைத்தானே செய்தேன்?

மார்ச் 8, ஞாயிறு

சொல்லிவிட்டேன். வாசலில் நின்றபடியே. உள்ளே போய் உட்கார்ந்தால் சொல்ல மாட்டேன் என்று எனக்கே தெரியும்.

அக்கா திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. புடவைத் தலைப்பால் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தாள், ஈரம் போன பிறகும். பிறகு சொன்னாள்:

"தொடாதேன்னு நான் சொல்லலையே. கை வைக்கும்போது எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா? நான் பாட்டுக்கு அதை நம்பிக்கிட்டு உக்காந்திருக்கேன்."

செருப்பைக் கழற்றிவிட்டு அவள் பின்னாலேயே உள்ளே போனேன்.

நேற்று அவள் வாங்கி வைத்த சிலிண்டருக்கு அத்தானை மாற்றினோம். மாற்றும்போது நடுவில் அவர் வெறுங்காற்றில் இருந்த நேரம் – உதடு சாம்பல் நிறமானது. அக்கா குழாயை மாட்டி, அவர் நெஞ்சில் கை வைத்து, மூச்சு சீராகிறதா என்று பார்த்தாள். பிறகு மிஷினின் சுவிட்சை அவளே அணைத்தாள். இரைச்சல் நின்றதும் வீடே செவிடானதுபோல் இருந்தது.

மூடியைக் கழற்றினேன். லேப்டாப்பிலிருந்து கேபிளை மாட்டி, திருத்தியதை ஏற்றி, சுவிட்சைப் போட்டேன். கறுப்பு. என்னைப் பார்த்துக்கொண்டிருந்த அத்தான் குழாய்க்குப் பின்னாலிருந்து, "எனக்கு ஒண்ணும் அவசரமில்ல. மெதுவா பண்ணு" என்றார். ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு மூச்சு எடுத்துக்கொண்டு.

அவசரத்தில் கேபிளின் ஒரு முனையை இடம் மாற்றிச் செருகியிருந்தேன். எழுத வேண்டியது எழுதப்படவே இல்லை, உள்ளே பழைய தப்பே இருந்தது. தாடி இருந்திருந்தால் மூன்று நாள் சொல்லிக்காட்டியிருப்பான். மறுபடி மாட்டினேன், ஏற்றினேன். சுவிட்சை அக்காவைப் போடச் சொன்னேன்.

திரையில் முதல் வரி: பேட்டரி குறைவு.

அக்கா பதறிப்போய் என்னைப் பார்த்தாள். அந்த வரியை எழுதத் தெரியாமல்தானே அது செத்துக் கிடந்தது.

மார்ச் 9, திங்கள்

மேலாளரிடம் எல்லாவற்றையும் சொன்னேன், அக்கா வீட்டு விஷயம் உட்பட. அவர் கதவைச் சாத்திவிட்டு என்னை உட்காரக்கூடச் சொல்லவில்லை. அடையாள அட்டையை வாங்கிக்கொண்டார். விசாரணை முடியும்வரை வீட்டில் இருக்கச் சொல்லியிருக்கிறார். தாடி வாசல் வரை கூட வந்தான்.

சாயங்காலம் அக்காவிடமிருந்து போன். மின்சாரம் வந்துவிட்டதாம், மிஷினைப் போட்டாளாம்.

"மறுபடியும் அந்தச் சிவப்பு எழுத்து வந்துச்சுடி. பாத்தாலே பக்குங்குது."

"வரட்டும்க்கா" என்றேன்.

பின்னால் மிஷின் இரைந்துகொண்டிருந்தது. புதுப் பேட்டரி மாட்ட நாளைக்கு வரட்டுமா என்று அவளைக் கேட்டேன். வா என்றாள்.