எஸ்பன் நின்ற மாதங்கள்

ஜனவரி 13, திங்கள்

தொடையில் ஒரு பிளாஸ்திரி. அதற்குள் தீப்பெட்டியைவிடச் சின்னதாக ஒரு கருவி. நான் எப்போது உட்காருகிறேன், எப்போது நிற்கிறேன் என்று அது குறித்துக்கொண்டே இருக்குமாம். பல்கலைக்கழகத்திலிருந்து மைக்கன் என்ற இளம்பெண் வந்து எங்கள் மாடியில் எல்லாருக்கும் ஒட்டிவிட்டுப் போனாள். நின்று வேலை செய்தால் உடம்புக்கு என்ன ஆகிறது, வேலை கூடுகிறதா குறைகிறதா என்று மே மாதம்வரை பார்க்கப் போகிறார்கள்.

பட்டனைத் தட்டினால் ஏறி இறங்கும் மேசை இல்லாத அலுவலகம் டென்மார்க்கில் உண்டா? எல்லாரிடமும் இருக்கிறது. ஒருவரும் ஏற்றுவதில்லை. எங்கள் காப்பீட்டு அலுவலகத்தில் மேசைகள் ஏறுவதெல்லாம் தரை துடைக்க வருகிறவர்களுக்காகத்தான். இப்போது ஒவ்வொரு மேசையிலும் ஒரு குட்டி விளக்கு வேறு. ரொம்ப நேரம் உட்கார்ந்தால் சிவப்பாக எரியும். எந்த மாடி அதிகம் நிற்கிறது என்று மாடிகளுக்குள் போட்டியும் உண்டு.

"நம்ம மாடிதான் ஜெயிக்கணும், ஆமா!" என்று யூட்டெ கைதட்டினாள். ஊழியர் நலப் பிரதிநிதி அவள். கைதட்டாமல் அவளுக்குப் பேச வராது.

என் எதிர்மேசை எஸ்பன். என் கணவன். நவம்பர் கடைசியில் ஒரே ஒரு பையை எடுத்துக்கொண்டு தம்பி ஃபிளெமிங் வீட்டுக்குப் போய்விட்டான். சண்டை இல்லை, வேறு பெண் இல்லை. "எனக்குள்ள என்னமோ தீர்ந்துபோச்சு, இங்கர்" என்றான், அவ்வளவுதான். பிரிந்து வாழ்வதாகப் பதிந்தாயிற்று. மே கடைசிவரை இப்படியே இருந்தால் விவாகரத்துக்கு விண்ணப்பிக்கலாம். அதற்குள் அவன் வீட்டுக்குத் திரும்பி வந்தால் எல்லாம் ரத்து.

வருவான்.

டிசம்பரில் மேலாளர் எங்களைத் தனியாகக் கூப்பிட்டு, உங்களுக்கு இதே இடம் பரவாயில்லையா என்று கேட்டார். "எனக்கு ஒண்ணுமில்லை" என்றேன் நான். "எனக்கும் ஒண்ணுமில்லை" என்றான் அவன். நாகரிகமானவர்கள் அல்லவா நாங்கள்! வாய் வெந்தா போயிருக்கும், மாற்றிக் கொடுங்கள் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால்?

ஜனவரி 14

எதிர்ப்பக்கம் மோட்டார் சத்தம். எஸ்பன் மேசையை ஏற்றினான். நான் நிமிர்ந்து பார்க்கவில்லை. சாயங்காலம்வரை அவன் உட்காரவே இல்லை.

ஜனவரி 22

என் விளக்கு மட்டும் சிவப்பு. போகிறவர் வருகிறவர் எல்லாம் பார்க்கிறார்கள்.

"என்னடி, நாற்காலியில பசை தடவி வச்சிருக்கியா?" என்றாள் யூட்டெ.

பசையெல்லாம் இல்லை. உட்கார்ந்திருந்தால் என் திரையும் அவன் திரையும் முதுகோடு முதுகாக நின்று மறைத்துக்கொள்ளும். எழுந்து நின்றால், மேசை ஏறினாலும் தலை திரைக்கு மேலே போய்விடும், நேரே அவன் முகம். ஒன்பது வருஷமாக எதிரும் புதிருமாக இருந்த முகம். இந்த மேசைகளில்தான் பழகினோம், இங்கிருந்துதான் நகர மன்றத்துக்குப் போய்க் கையெழுத்துப் போட்டுக் கல்யாணம் செய்துகொண்டோம். அலுவலகமே பார்த்துக்கொண்டிருக்க அந்த முகத்தை நான் எப்படிப் பார்ப்பது? அழுதுவிட்டால்? அதற்கு இந்தச் சிவப்பு விளக்கே தேவலை.

ஜனவரி 31, வெள்ளி

அலுவலகத்துக்கு வெள்ளிக்கிழமைக் காலை உணவு கொண்டுபோவது இந்த வாரம் எங்கள் முறை. பழைய வழக்கப்படி "இங்கரும் எஸ்பனும்" என்று சேர்த்தே எழுதிவைத்திருக்கிறார்கள், மாற்ற யாருக்கும் தைரியமில்லை. நாங்களும் பேசிக்கொள்ளவில்லை. அவன் ரொட்டி வாங்கி வந்தான். நான் சீஸும் ஜாமும் கொண்டுபோனேன். ஒன்றுகூடக் குறையவில்லை, ஒன்றுகூட இரட்டிப்பாகவில்லை. எல்லாரும் ரொம்ப ருசி, ரொம்ப ருசி என்றார்கள். கழிப்பறைக்குப் போய்க் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தேன்.

பிப்ரவரி 6

எழுந்துவிட்டேன்!

போன வாரப் புயலுக்குப் பிறகு நஷ்டஈட்டுக் கோப்புகள் மலையாகக் குவிந்து, முதுகு விறைத்து, யோசிக்காமல் பட்டனை அழுத்திவிட்டேன். மேசை ஏறியது, நானும் எழுந்தேன். இரண்டு திரைகளுக்கும் மேலே அவன்.

"அட, எழுந்துட்டியே."

"உனக்கென்ன, நீ ஒரு மாசமா கொடிக்கம்பம் மாதிரி நிக்கறே."

சிரித்தான். பிறகு குரலைத் தாழ்த்தி, "இதைக் கேளு. ராண்டர்ஸ்ல ஒருத்தர் வீட்டு நிலவறையில தண்ணி புகுந்துடுச்சு. எதுக்கு நஷ்டஈடு கேக்கறாரு தெரியுமா? உள்ள வச்சிருந்த படகு நனைஞ்சு போச்சாம், இங்கர்! படகு!"

நான் சிரித்த சிரிப்பில் யூட்டெ எட்டிப் பார்த்தாள். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தேன். எத்தனை நாளாயிற்று.

பிப்ரவரி 18

தினமும் நிற்கிறேன். தினமும் தலைக்குக் குளிக்கிறேன். இன்று அந்த நீல ஸ்வெட்டர். அம்பத்திரண்டு வயசுல இதெல்லாம் தேவையா? தேவைதான் போ.

இன்னொன்றும் எழுதிவைக்கிறேன், எழுதினால்தான் நம்ப முடியும். அவன் ஏன் நிற்கிறான்? இத்தனை வருஷத்தில் ஒருநாள் நின்றிருப்பானா? போட்டி, பந்தயம் என்றால் ஓடி ஒளிகிறவன். நின்றால்தான் என்னைப் பார்க்க முடியும். நான் எழுந்திருப்பதற்கு மூன்று வாரம் முன்பே நிற்க ஆரம்பித்துவிட்டான். வாயால் சொல்லமாட்டான் — எப்போதுமே சொல்லத் தெரியாது அவனுக்கு. காத்துக்கொண்டு நின்றிருக்கிறான்.

மைக்கன் வந்து கணக்குப் பார்த்தாள். "உங்க வேலை நல்லாக் கூடியிருக்குங்க, இங்கர். நிக்கறது உங்களுக்கு ஒத்துக்குது" என்றாள். ரொம்ப ஒத்துக்கொள்கிறது கண்ணு.

மார்ச் 3, திங்கள்

முட்டாள். முட்டாள். முட்டாள்.

நோன்புக்கு முந்தின விருந்து என்று யூட்டெ கிரீம் பன் கொண்டுவந்தாள். எல்லாரும் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்தோம். எஸ்பன் மட்டும் ஜன்னலோரம் நின்று சாப்பிட்டான். வா, உட்காரேன் என்றேன்.

"முடியலை இங்கர். ஃபிளெமிங் வீட்டு நிலவறையில மடக்கு சோபாவுலதான் படுக்கறேன். நடுவுல ஒரு இரும்புக்கம்பி. முதுகே போச்சு. உட்கார்ந்தா உயிர் போவுது, நின்னாத்தான் கொஞ்சம் நிம்மதி."

"எத்தனை நாளா?"

"கிறிஸ்துமஸ்லேர்ந்து."

முதுகுவலி. என் நீல ஸ்வெட்டர், என் தலைமுடி, என் "மூன்று வாரம் முன்பே" கணக்கு. முதுகுவலியாம்! பன்னை முழுசாகத் தின்றேன், வாய் காலியாக இருந்தால் ஏதாவது சத்தம் வந்துவிடும் என்று.

மார்ச் 4

படுக்கையறையில் இருந்து எழுதுகிறேன்.

எங்கள் கட்டில், எல்லார் வீட்டுக் கட்டிலையும் போலத்தான். ஒரே சட்டம், உள்ளே பக்கத்துப் பக்கத்தில் இரண்டு மெத்தை, இரண்டு போர்வை. என்னுடையது மெத்து. அவனுடையது கெட்டி. அவன் முதுகுக்கென்றே கடை கடையாக ஏறிப் படுத்துப் பார்த்து வாங்கியது. ஒவ்வொரு கடையிலும் செருப்பைக் கழற்றிவிட்டுக் கண்ணை மூடிப் படுத்துவிடுவான், விற்கிற பையன் வந்து எழுப்புவான்.

அந்த மெத்தை இன்னும் இங்கேதான் இருக்கிறது. போகும்போது எடுத்துப் போகவில்லை. நானும் எடுத்துப் போ என்று சொல்லவில்லை. மெத்தையை விட்டுப் போனவன் வந்துதானே தீரவேண்டும்? நவம்பரிலிருந்து அதை நம்பித்தான் படுக்கிறேன், எழுந்திருக்கிறேன்.

அவனுக்கு என்ன வேண்டும் என்று எனக்குத் தெரியும். என் கைக்கெட்டும் தூரத்தில் கிடக்கிறது.

மார்ச் 9, ஞாயிறு

கொடுக்கமாட்டேன். வலிக்கட்டும். இன்னும் கொஞ்சம் வலித்தால் அவனே வருவான்.

இதை எழுதினது நான்தானா? நான்தான்.

மார்ச் 13, வியாழன்

இன்று எதிரெதிரே நின்றுகொண்டிருந்தோம். தொலைபேசியில் யாருக்கோ குழாய் வெடிப்பு பற்றி விளக்கிக்கொண்டிருந்தவன், நடுவில் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடினான். உதடு வெளுத்துவிட்டது. எதிரில் இருந்த எனக்கு மட்டும்தான் தெரிந்தது. பேச்சை முடித்து வைத்துவிட்டு, மெதுவாகச் சொன்னான்:

"சில நேரம் தோணுது இங்கர். வீட்டுக்கு வந்து ஒரு ராத்திரி நல்லாப் படுத்துத் தூங்கிட்டுப் போலாமான்னு."

வா. வா எஸ்பன். நாக்கு நுனியில் நின்றது. இந்த ஒரு வாக்கியத்துக்குத்தானே நான்கு மாதமாக உயிரைக் கையில் பிடித்துக்கொண்டிருக்கிறேன்!

சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்று வீடு வந்து சேரும்வரை யோசித்தேன். கூப்பிட்டால் வருவான். அவன் பக்கத்தில் படுப்பான், கட்டையாகத் தூங்குவான். காலையில் எழுந்து காப்பி குடித்து நன்றி சொல்வான். மறுநாளும் வலிக்கும், மறுநாளும் வருவான். அதற்கு நான் கணவன் திரும்பிவிட்டான் என்று பெயர் வைத்துக்கொள்வேன். "தூங்கிட்டுப் போலாமான்னு" என்றுதான் சொன்னான். போலாமான்னு.

மார்ச் 15, சனி

காருக்குப் பின்னால் மாட்டி இழுக்கும் டிரெய்லரை யூட்டெயிடம் கேட்டேன்.

"எதுக்குடி?"

"ஒரு மெத்தை கொண்டு போகணும்."

யூட்டெ முதல்முறையாகக் கைதட்டவில்லை. "நானும் வரட்டா?" என்றாள். வேண்டாம் என்றேன். கயிறு கட்டிக் கொடுத்தாள், மழைக்குத் தார்ப்பாய் போட்டாள், என் கன்னத்தை ஒரு தட்டுத் தட்டினாள்.

ஃபிளெமிங் வீட்டு நிலவறைப் படி குறுகலானது. நான் கீழே, எஸ்பன் மேலே. "இடப்பக்கம் திருப்பு", "இரு, என் கை", "மெதுவா" — ஒரு குடும்பம் வீடு மாற்றுவதுபோலத்தான் இருந்தது. மடக்கு சோபாவை நிமிர்த்தி வைத்து, தரையில் மெத்தையைப் போட்டோம். புதுத் துவைத்த உறையும் கொண்டுபோயிருந்தேன். பழக்கத்தில் இருவருமே போட்டுவிட்டோம், ஆளுக்கு இரண்டு மூலை.

அவன் படுத்துப் பார்த்தான். கண்ணை மூடினான். கண்ணோரம் ஈரம். வலி விட்டதாலா வேறெதனாலா என்று எனக்குத் தெரியாது, கேட்கவும் இல்லை.

"நீ ரொம்ப நல்லவ, இங்கர்."

நல்லவளாம். கட்டின பெண்டாட்டியைப் பார்த்து யாராவது அப்படிச் சொல்வார்களா? பக்கத்து வீட்டுக்காரிக்குச் சொல்வது. நான் நல்லவளில்லை எஸ்பன், நீ வலியில துடிக்கணும்னு வேண்டிக்கிட்டவ.

திரும்பும்போது காலி டிரெய்லர் பின்னால் தடதடவென்று குதித்துக்கொண்டே வந்தது. ஸ்கான்டர்போர் சாலையில் ஒரு பெட்ரோல் நிலையத்தில் நிறுத்தி, வண்டிக்குள்ளேயே வாய்விட்டு அழுதேன்.

மார்ச் 16

கட்டிலில் பாதி மெத்தை, பாதி வெறும் பலகை. என் பக்கத்தில்தான் படுக்கிறேன்.

மார்ச் 24

இன்னும் நிற்கிறான்! மெத்தை போய் ஒரு வாரமாயிற்று, இன்னும் நிற்கிறான். அப்படியானால்? முதுகு மட்டும்தான் காரணமென்றால் இந்நேரம் உட்கார்ந்திருக்கவேண்டாமா? இன்று என்னைப் பார்த்து இரண்டு தடவை சிரித்தான். படகுக்காரர் மேல்முறையீடு செய்திருக்கிறாராம்.

வேண்டாம் இங்கர். வேண்டாம்.

ஆனாலும் நிற்கிறானே.

ஏப்ரல் 2, புதன்

மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு மோட்டார் சத்தம். எதிர்மேசை இறங்கியது. முதலில் தாடை திரைக்குப் பின்னால் போனது, பிறகு மூக்கு, பிறகு கண். "அப்பாடா" என்றான் அங்கிருந்து. நாற்காலி கிறீச்சிட்டது.

யூட்டெ வந்து அவனைக் கிண்டல் செய்தாள். "என்னய்யா, எங்க வெற்றி வீரரே உட்கார்ந்துட்டாரு?"

"முதுகு சரியாயிடுச்சு யூட்டெ! தூக்கம்னா தூக்கம், அப்படி ஒரு தூக்கம். இனிமே எதுக்கு நிக்கணும்?"

யூட்டெ என்னைப் பார்த்தாள். நான் ரிபே ஊர்க்காரி ஒருத்தியின் கூரைக் கோப்பைப் பார்த்தேன்.

ஏப்ரல் 3

உட்கார்ந்திருக்கிறான்.

ஏப்ரல் 22

ஈஸ்டர் முடிந்து வேலை. ஐந்து நாள் தனியாக. அவன் ஃபிளெமிங்கோடு மீன் பிடிக்கப் போனானாம், முகம் வெயிலில் சிவந்திருக்கிறது. நின்று பார்த்தால் எனக்குத் தெரிவது அவன் உச்சந்தலைதான். நடுவில் முடி கொட்டியிருக்கிறது. இதுவரை கவனித்ததில்லை.

மே 14

மைக்கன் பிளாஸ்திரிகளைக் கழற்றிக்கொண்டு போனாள். மொத்தத்தில் எல்லாரும் உட்காருவது குறைந்திருக்கிறதாம், முதுகுவலி குறைந்திருக்கிறதாம், வேலை பெரிதாகக் கூடவுமில்லை குறையவுமில்லையாம்.

"ரெண்டு பேரோட கணக்குத்தான் எனக்குப் பிடிபடலைங்க" என்றாள் என்னைத் தனியே நிறுத்தி. "ஒருத்தர் ஆரம்பத்துலேர்ந்து நின்னுட்டு ஏப்ரல்ல சட்டுனு விட்டுட்டாரு. நீங்க உட்கார்ந்தே இருந்துட்டு, பிறகு மத்தவங்க எல்லாரையும்விட அதிகமா நின்னிருக்கீங்க. இப்பவும் நிக்கறீங்க. எது உங்களை நிக்க வச்சுது? எழுதிக்கணும்."

"பழகிப்போச்சு" என்றேன்.

பழக்கம் என்று எழுதிக்கொண்டாள்.

மே 28, புதன்

காலையிலிருந்து நின்றுதான் வேலை செய்துகொண்டிருந்தேன். பத்தரை மணிவாக்கில் மேசைமேல் என் போன் அதிர்ந்தது. அரசாங்கத்திலிருந்து செய்தி. எஸ்பன் விவாகரத்துக்கு விண்ணப்பித்திருக்கிறான், என் சம்மதம் வேண்டும் என்று.

கை நீட்டினால் தொடக்கூடிய தூரத்தில்தான் இருக்கிறான். எழுந்து நின்றிருக்கலாம். முகத்தைப் பார்த்து, "அனுப்பறேன் இங்கர்" என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். உட்கார்ந்தபடியே அனுப்பிவிட்டான். திரைக்குப் பின்னால் அவன் உச்சந்தலை அசையாமல் இருந்தது.

பட்டனை அழுத்தி என் மேசையை இறக்கினேன். உட்கார்ந்தேன். சம்மதம் என்று தட்டினேன்.

எதிர்ப்பக்கம் அவன் போன் அதிர்ந்தது.