வாழிக்குக் கொடுத்த பேர்

உ

பழவங்காடி, திருவனந்தபுரம்
கொல்லம் 1117 சித்திரை, வெள்ளிக்கிழமை

அன்பு மகன் சிரஞ்சீவி நயினாருக்கு அம்மை சொர்ணம்மாள் எழுதிக்கொண்டது. நானும் உன் அப்பாவும் இங்கே இருக்கிறோம். சுகம் என்று எழுதுவதுதான் முறை, எழுதினால் நீயே நம்பமாட்டாய், அதனால் இருக்கிறோம் என்று மட்டும் எழுதுகிறேன். நீ கொழும்பில் கை கால் சுகத்தோடு இருக்கிறாயா என்று தெரியாமல்தான் இந்தக் காகிதத்தை எடுத்தேன். உன் தம்பி திரவியம் போன செய்திக்கு நீ போட்ட கடிதம்தான் கடைசி, பிறகு ஒரு வரி இல்லை. சண்டைக் காலம், தபால் கப்பல் நினைத்தபோது போகும் நினைத்தபோது நிற்கும் என்று பக்கத்து வீட்டு ரத்னாபாய் டீச்சர் சொல்கிறாள். கடிதத்தையெல்லாம் உடைத்து வாசித்துத்தான் விடுகிறார்களாம். அப்படி இதை வாசிக்கிற புண்ணியவான் யாராக இருந்தாலும் இதில் ராஜாங்க விஷயம் ஒன்றும் இல்லை ஐயா, ஒரு பெற்றவளுடைய புலம்பல்தான், தயவு செய்து என் பிள்ளை கையில் சேர்த்துவிடுங்கள்.

மக்களே, உன் அப்பாவைப் பற்றித்தான் எழுதவேண்டும், எப்படித் தொடங்குவது என்று தெரியவில்லை. திரவியம் வில்லுப்பாட்டுக் கோஷ்டியில் சேர்ந்து குடம் அடிக்கப் போனது அவருக்குப் பிடிக்காது என்பது உனக்கே தெரியும். சாலைக் கடைத்தெருக் கணக்குப்பிள்ளை மகன், கோயில் கொடைக்குக் கொடை போய் மண்பானையைத் தட்டுகிறானே என்று ஒரு நாள்கூட அவன் பாட்டைக் கேட்கப் போனதில்லை. தை மாதம் விஷசுரத்தில் அவன் போன பிறகு இவர் அழவில்லை. காரியம் முடிந்ததும் கடைக்குப் போனார், வந்தார், சோற்றை அளைந்துவிட்டு எழுந்தார். மாசிக் கடைசியில் ஒரு செவ்வாய்க்கிழமை விடியும் முன்னே குளித்து வேட்டி உடுத்து, ஏட்டி கிளம்பு, மண்டைக்காட்டுக் கொடைக்குப் போயிட்டு வருவோம் என்றார். வீட்டில் துக்கம் விழுந்து ஆண்டு திரும்பாமல் கொடைக்கும் திருவிழாவுக்கும் போகிற வழக்கம் நம்மில் உண்டா. நான் சொல்லிப் பார்த்தேன். அம்மன் வாசலுக்குப் போகண்டாம், பந்தலுக்கு வெளியே நின்னு பாட்டு கேட்டுட்டு வருவோம் என்றார். அத்தனை நாளில் அவர் வாயைத் திறந்து கேட்டது அது ஒன்றுதான். புளிச்சோறு கட்டிக்கொண்டு போனேன்.

அன்று முதல் பங்குனி முழுவதும் அதுதான் பிழைப்பு. வாரம் தவறாமல் எங்கேயாவது ஒரு கொடை, விடியற்காலம் போய் விளக்கு வைக்கத் திரும்புவோம். இப்போது பெட்ரோல் கிடையாது, பஸ்ஸெல்லாம் கரியில் ஓடுகிறது, பின்னால் ஒரு அடுப்பைக் கட்டி வைத்துக்கொண்டு புகையைக் கக்கிக்கொண்டு போகும், ஏற்றம் வந்தால் நின்றுவிடும், ஆண்கள் எல்லாரும் இறங்கித் தள்ளவேண்டும். கண்டக்டர் தாசையனுக்கு எங்களைப் பார்த்துப் பார்த்துப் பழக்கமாகி, பிள்ளைவாள் ஒமக்குப் பாதி டிக்கெட்டு போரும்வே, பாதி வழி தள்ளிக்கிட்டுத்தான வாறீரு என்பான். உன் அப்பா சிரிப்பார். ஆமாம் மக்களே, சிரித்தார். கோயில் பங்குனி உற்சவத்தில் கிழக்கேகோட்டை நடையில் வேலகளி பார்க்கவும் கூட்டிக்கொண்டு போனார். வாளும் பரிசையுமாக அந்தப் பிள்ளைகள் துள்ளித் துள்ளி ஆடியபோது கொள்ளாம் கொள்ளாம் என்று மலையாளத்தார் போலத் தலையை ஆட்டினார். பஞ்சபாண்டவர் பொம்மையை எப்போதும்போல வானத்துக்கு நிறுத்தியிருந்தார்கள், பீமன் வயிற்றைப் பாரு, எங்க கடை முதலாளி மாதிரியே இருக்கான் என்றார். எனக்குச் சிரிக்கத் தோன்றவில்லை. எதிர்வீட்டு சிவகாமியம்மாள், என்ன சொர்ணம், இன்னைக்கு எந்த ஊரு கொடை, எளவு வீட்டுக்காரிக்கு வந்த யோகத்தப் பாரு என்று நடையில் நின்றுகொண்டே கேட்டாள். நான் முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு போய்விட்டேன். அவள் கேட்டதில் தப்பு என்ன இருக்கிறது. எனக்குள்ளேயும் அதே கேள்விதானே.

எந்த ஊருக்குப் போனாலும் அவர் குடம் அடிக்கிறவன் பக்கமாகத்தான் உட்காருவார். வில்லுக்கு முன்னால் இருந்து கதை பாடுகிற அண்ணாவி முகத்தை அவர் பார்த்ததே இல்லை. பானை வாயில் அந்தப் பாளை மட்டை விழுந்து விழுந்து எழும்பும் பார், அந்தக் கையைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார். கதை முடிந்து கடைசியில் வாழி பாடுவார்கள் அல்லவா, ஊர் வாழி, கொடை எடுத்தவர் வாழி என்று. அப்போது ஜனங்கள் தங்கள் பிள்ளைகள் பேரைப் போய்ச் சொல்லிக் கொடுப்பார்கள், அண்ணாவி ஒவ்வொரு பேராகச் சேர்த்துப் பாடுவார். மண்டைக்காட்டிலேயே அந்த நேரத்தில் உன் அப்பா எழுந்து போய் அண்ணாவி காதில் என்னவோ சொல்லிவிட்டு வந்தார். உன் பேரைத்தான் சொல்லியிருப்பார், கடல் தாண்டி இருக்கிற பிள்ளை, சண்டைக் காலம், நல்ல காரியம் செய்தார் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அண்ணாவி வில்லைத் தட்டி, திருவனந்தபுரம் திரவியம் வாழி என்று பாடினார். கூட இருந்தவர்கள் எல்லாரும் வாழி வாழி என்று எடுத்தார்கள்.

போனவர்களுக்கு வாழி பாடக்கூடாது, பாடினால் அந்த ஆத்மா போகவும் முடியாமல் வரவும் முடியாமல் தவிக்கும் என்று எங்கள் வீட்டில் பெண்டுகள் சொல்லுவார்கள். பக்கத்தில் வந்து உட்கார்ந்தவரைப் பார்த்தேன். அவர் முகம், நீ பிறந்த அன்றைக்கு இருந்ததே, அப்படி இருந்தது. உன்னிடம் மறைக்க என்ன இருக்கிறது, அத்தனை பேர் சேர்ந்து திரவியம் வாழவேண்டும் என்று சொன்ன அந்த ஒரு நிமிஷம் எனக்கும் அவன் இருக்கிற மாதிரி இருந்தது. பிறகு இரணியல் பக்கம் ஒரு கொடையில், பூதப்பாண்டிக்கு அந்தண்டை ஒரு கொடையில், எல்லா இடத்திலும் அதே பேர். அங்கே நம்மை யாருக்குத் தெரியும், கேட்டதைப் பாடினார்கள். திரும்பி வரும்போது பஸ்ஸில் என் தோளில் சாய்ந்து தூங்குவார். வீட்டுக்கு வந்து இரண்டாம் முறை சோறு கேட்பார். புருஷன் சாப்பிடுகிறாரே என்று நானும் அடுத்த செவ்வாய்க்குப் புளி கரைத்து வைப்பேன்.

பங்குனி மூன்றாம் வாரம் தக்கலைப் பக்கம் ஒரு கொடை. போய் உட்கார்ந்த பிறகுதான் பார்த்தேன், பாட வந்திருந்தது நம் திரவியம் இருந்த அதே கோஷ்டி. அவன் இருந்த இடத்தில் வேறொருவன் உட்கார்ந்து குடம் அடித்தான். போய்விடுவோம் என்று இவர் கையைப் பிடித்து இழுத்தேன், உதறிவிட்டார். வாழி நேரம் வந்ததும் எழுந்துபோய்ப் பேரைச் சொன்னார். அண்ணாவி வில்லைத் தட்டுகிற வீசுகோலைக் கீழே வைத்துவிட்டார். அண்ணாச்சி, கோவிச்சுக்கிடப்பிடாது, இருக்கப்பட்ட பிள்ளை பேரச் சொல்லும், இவன் எனக்கும் பிள்ளைதான், இவன் பாடைக்குத் தோள் குடுத்தவன் நான், என் வாயால எப்பிடிப் பாடுவேன் என்றார். உன் அப்பா, எத்தனை ஊர்ல பாடினானுவ, ஒருத்தன் கேக்கல்ல, நீரு மட்டும் என்னத்துக்குவே கேக்கீரு, பாடும்வே என்று சத்தம் போட்டார். உன் அப்பாவா அப்படிச் சத்தம் போட்டது என்று எனக்கே நம்ப முடியவில்லை. பிறகு யாரோ ஒருவன், திருவந்தரத்துக் கிறுக்குல்லா வந்திருக்கு என்றான், இரண்டு பேர் சிரித்தார்கள். ஒரு பெண்பிள்ளை, பொஞ்சாதி அந்தா இருக்காளே, கூட்டிட்டுப் போவப்பிடாதா என்றாள். அண்ணாவி கண்ணில் தண்ணீர் விட்டுக்கொண்டு கும்பிடுகிறார், இவர் அவர் தோளைப் பிடித்து உலுக்குகிறார்.

நான் எழுந்து போனேன் மக்களே. அத்தனை ஆண்கள் நடுவில் எப்படி நடந்தேன் என்று தெரியாது. என் மூத்த பிள்ளை பேரு நயினாரு, கொழும்புல இருக்கான், அவனுக்குப் பாடுங்க என்றேன். அந்த மனுஷன் மூச்சு விட்டு, வீசுகோலை எடுத்து, கொழும்பு போன நயினார் வாழி என்று மனம் நிறைந்து பாடினார். உன் அப்பா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். எல்லாம் அடங்கிவிட்டது, நல்லது செய்தோம் என்றுதான் நான் நினைத்தேன்.

பஸ் ஏறித் திரும்பினோம். நெய்யாற்றின்கரை தாண்டி வண்டி ஏற்றத்தில் நின்றது, எல்லாரும் இறங்கினார்கள், இவர் மட்டும் இறங்கவில்லை. தாசையன்கூட அவரைக் கூப்பிடாமல் தானே இறங்கித் தள்ளினான். அப்போது என் பக்கம் திரும்பி, மெதுவாக, ஏட்டி, அவனும் போயிட்டானா என்று கேட்டார். யாரு என்றேன். நயினாரு என்றார். என்ன பேச்சு இது, வாயில வரப்பிடாத வார்த்தை என்று நான் அவர் வாயைப் பொத்தினேன். கையை எடுத்துவிட்டு, நானும் இல்லாதவன் பேரத்தான் இம்புட்டு நாளும் குடுத்தேன், இன்னைக்கு நீ குடுத்துட்ட, எனக்குத் தெரியாண்டாம்னு மறச்சு வச்சிருக்க, சொல்லிரு, நான் தாங்கிக்கிடுவேன் என்றார். என் தலையில் அடித்துச் சத்தியம் செய்தேன். அவர் என்னைத் தட்டிக்கொடுத்தார், எனக்கு ஆறுதல் சொல்லுகிற மாதிரி.

அதற்குப் பிறகு சில நாளில் ரத்னாபாய் டீச்சர் பேப்பரைக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றாள். ஜப்பான்காரன் கொழும்பில் குண்டு போட்டானாம். உன் அப்பா உள்ளே இருந்து கேட்டுக்கொண்டே இருந்தார், எழுந்து வரவில்லை. எனக்குத்தான் முன்னமே தெரியுமே என்கிற மாதிரி என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையை நீ பார்க்கக்கூடாது. நான் அன்று முதல் தூங்கவில்லை. நான் பேர் கொடுத்ததால்தான் வந்ததோ என்று ஒரு நேரம் தோன்றும், சீச்சீ, தாய் கொடுத்த பேர் பிள்ளையைக் காக்காதா என்று ஒரு நேரம் தோன்றும். தபால்காரன் ஞானையன் தெருவில் திரும்பினால் நான் வாசலுக்கு ஓடுவேன், உன் அப்பா புறவாசலுக்குப் போய்விடுவார். ஞானையன் என்னைப் பார்த்துத் தலையை ஆட்டிவிட்டுப் போவான். இப்போதெல்லாம் அவன் எதிர்ச்சாரியில் நடக்கிறான், எனக்கு முகம் கொடுக்க அவனுக்கும் சங்கடமாக இருக்கும்.

கடைக்குப் போவது நின்றுவிட்டது. சித்திரைக் கடைசியில் பூதப்பாண்டிப் பக்கம் இன்னொரு கொடை இருக்கிறதாம், போவோம் என்கிறார். இந்த முறை ரெண்டு பேரும் சேர்ந்து குடுப்போம், திரவியத்துக்கு நான், நயினாருக்கு நீ என்கிறார். அவருக்குப் பித்து என்று ஊர் சொல்லுகிறது. பக்கத்தில் இருந்து பார்க்கிற எனக்கு, பித்து அவருக்கா எனக்கா என்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. அவர் சொல்லச் சொல்ல நான் பொய் என்கிறேன், பொய் என்று சொல்லும்போது என் குரலில் பலம் இல்லை. ஒரு பிள்ளையைக் கொடுத்த வீட்டில் சுவர்கூட இன்னொன்றைக் கேட்கும் போலிருக்கிறது.

அதனால் நயினாரு, இது உன் கையில் சேர்ந்தால் கப்பல் உண்டோ இல்லையோ, லீவு உண்டோ இல்லையோ, அதெல்லாம் பிறகு. முதலில் உன் அப்பாவுக்கு உன் கைப்பட ஒரு வரி எழுது. எனக்கு எழுதாதே, எனக்கு வந்தால் நான் யாரிடமோ எழுதி வாங்கினேன் என்பார். அவர் பேருக்கே போடு. நீ சின்னதில் அவருடைய மைக்கூட்டைக் கொட்டிவிட்டு வெற்றிலையால் துடைத்தாயே, அதை எழுது, அது எனக்குத் தெரியாது என்றுதான் அவர் நினைத்துக்கொண்டிருக்கிறார், அதைப் பார்த்தால் நம்புவார். திரவியத்தைப் பற்றி ஒன்றும் எழுதவேண்டாம். தண்ணீரைக் கொதிக்கவைத்துக் குடி, அவனுக்கு வந்த சுரம் கிணற்றுத் தண்ணீரால்தான் என்று டாக்டர் சொன்னார். குண்டு வருகிறது என்று சங்கு ஊதினால் சாமானைப் பார்த்து நிற்காமல் ஓடி ஒளிந்துகொள். வேளைக்குச் சாப்பிடு.

கடைசியில் ஆசீர்வாதம் எழுதுகிற இடத்துக்கு வந்துவிட்டேன். நீடூழி வாழ்க என்று எழுதவேண்டும், எப்போதும் எழுதுகிறதுதான், இன்றைக்குக் கை வரவில்லை. மேலே சிரஞ்சீவி என்று பழக்கத்தில் எழுதிவிட்டேன், அதை அடித்துவிடலாமா என்று பார்த்தேன், அடிக்கவும் பயமாக இருக்கிறது. உன் எழுத்தைக் கண்ணால் பார்க்கிற வரைக்கும் அந்த வார்த்தை என் வாயிலும் வேண்டாம், எந்த அண்ணாவி வாயிலும் வேண்டாம். பங்குனி முழுக்கக் கேட்டுவிட்டேன். நீ சும்மா இரு மக்களே, அங்கே எங்கேயாவது ஒரு மூலையில் இருந்தால் போதும். இருக்கிறேன் என்று எழுது.

உன் அம்மை
சொர்ணம்மாள்