திருநீற்றுக்கு மேலே

ஞாயிற்றுக்கிழமை, இரவு

கடவுளுக்கு எல்லாப் பிள்ளைகளும் ஒன்றுதான் என்று இன்று மறைக்கல்வி வகுப்பில் வாய் வலிக்கப் பாடம் நடத்தினேன். முடிந்ததும் வழக்கம்போல ஒவ்வொரு பிள்ளையின் நெற்றியிலும் கட்டைவிரலால் சிலுவை வரைந்து, "கடவுள் உன்னை நேசிக்கிறார்" என்று சொல்லி அனுப்பினேன். தர்ஷினிக்கு மட்டும் போடவில்லை. தலையைத் தடவி அனுப்பிவிட்டேன். எதிர்வீட்டுப் பிள்ளை, என் மகளோடு விளையாட்டாக வந்தவள். நெற்றியில் திருநீறு வேறு. அவர்கள் வீட்டில் தப்பாக நினைத்துவிட்டால்? காலம் கெட்டுக் கிடக்கிறது.

சாயங்காலம் அவள் அம்மா செல்வி, பிள்ளையைக் கையில் பிடித்துக்கொண்டு வாசலில் வந்து நின்றாள்.

"நான் கூப்பிடல செல்வி, அவளாத்தான் வந்தா..." என்று உளறினேன்.

"அதைக் கேக்க வரலக்கா. எல்லாப் புள்ளைக்கும் நெத்தியில போட்டீகளாம், இவளுக்கு மட்டும் போடலையாம். சாமிக்கு என்னையப் பிடிக்கலையான்னு மத்தியானத்துல இருந்து சாப்பிடாம அழுதுக்கிட்டே கெடக்கா."

"திருநீறு இருந்துச்சே..."

"இருந்தா என்னக்கா? அதுக்கு மேலயே போடுங்க."

போட்டேன். சொல்ல வேண்டியதையும் சொன்னேன். தர்ஷினி மூக்கை உறிஞ்சிக்கொண்டே சிரித்தாள். எனக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

தெருவில் யாராவது பார்த்திருப்பார்களோ என்று மனதின் ஓர் ஓரத்தில் இருக்கிறது. இருக்கட்டும்.

அவர்கள் போனதும் என் மகளுக்கும் அதே விரலால் சிலுவை போட்டேன். இப்போது பார்க்கிறேன், தூங்குகிற அவள் நெற்றியிலும் கொஞ்சம் வெள்ளை.