ப்ரீபோன் ஆன உப்புச் சர்க்கரை

ஏனுங்க வாத்தியாரே,

செல்லை ஊட்டுலயே வெச்சுட்டு வாக்கிங் போயிட்டீங்க, அதனாலதான் இந்தச் சீட்டு. நம்ம பொண்ணு யுவஸ்ரீக்கு நிச்சயம் பண்ணி உப்புச் சர்க்கரை மாத்துறது வெள்ளிக்கிழமை இல்லீங்க, இன்னைக்கே. பத்து மணிக்கு மாப்பிள்ளை ஊட்டுக்காரங்க சங்ககிரியில இருந்து வாராங்க.

ஞாயித்துக்கிழமை சம்பந்தி போன்ல, "விசேஷத்தை ப்ரீபோன் பண்ணிட்டமுங்க"ன்னாரு. உடனே நீங்க, அது இங்கிலீசே இல்லை, போஸ்ட்போனைப் பார்த்து நம்மாளுங்க கட்டிவிட்ட சொல்லு, நாளை முன்னாடி கொண்டாந்தா அட்வான்ஸ்னுதான் சொல்லோணும்னு அரை மணி நேரம் பாடம் எடுத்தீங்க. எந்த நாளைக்குன்னு மட்டும் கேக்கலை. இப்ப சம்பந்தியம்மா கூப்பிட்டுத்தான் எனக்கே தெரியும்.

நாங்க பூவும் பலகாரமும் வாங்க நாமக்கல் போறோம். இட்லி குண்டாவுல இருக்கு. தின்னுட்டு ஊட்டைக் கூட்டி வையுங்க. பட்டுக்கரை வேட்டி கட்டில் மேல இருக்கு.

அந்தச் சொல்லை டிக்சனரியிலயே சேர்த்தாச்சாம். யுவஸ்ரீ காட்டினா.

பூங்கோதை

மறந்துட்டேன்: வாரவங்க இங்கிலீசைத் திருத்தாதீங்க. திருத்துனா கல்யாணமே போஸ்ட்போன் ஆயிரும். அது லத்தீன்ல இருந்து வந்த சுத்தமான சொல்லுன்னு நீங்கதான சொன்னீங்க.